பச்சைக் குப்பி வைத்தியக்காரி

இந்த ஸ்டேஷனில் டீ நன்றாக இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் டீ என்ற பெயரில் கழனித்தண்ணீர் குடித்துப் பழகிய ஊர் இது, அதனால் சொல்கிறேன். வாக்குமூலத்தை நானே என் கையால் எழுதித் தருகிறேன் என்றதற்கு இன்ஸ்பெக்டர் கோதண்டராமன் அவர்களே, நீங்கள் ஒப்புக்கொண்டதற்கும் நன்றி. ரைட்டர் ஏகாம்பரநாதனின் கையெழுத்தை நேற்றுப் பார்த்தேன். நான் செய்த காரியம் அந்தக் கை வழியாகக் கோர்ட்டுக்குப் போனால் நீதிபதி என்னையும் அவர் தரத்திலேயே வைத்து எடைபோடுவார்.

என் பெயர் புருஷோத்தமன். பெங்களூர் ரோட்டில் உள்ள, இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் ஸ்டோர்ஸ் என் பொறுப்பு. கம்பெனி செலவில் ஜப்பானுக்குப் பயிற்சிக்குப் போய் வந்தவன். இந்தத் தாலுகாவில் அப்படிப் போனவன் வேறொருவன் இருப்பதாக நான் கேள்விப்படவில்லை.

வடக்குப்பட்டு அண்ணாதுரை செத்ததற்காக அவன் மனைவி ஜோதியை உள்ளே வைத்திருக்கிறீர்கள். மாத்திரையில் விஷம் கலந்து கொடுத்தாள் என்று மாமியார்க்காரி புகார். உடற்கூறாய்வு ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. அவளுடைய கைக்குழந்தை கங்காவும் ஜெயிலில்தான் இருக்கிறதாம். நான் எழுதப்போவதை வைத்துத்தான் அவள் வெளியே வருவதும் உள்ளே கிடப்பதும் என்றீர்கள். இரக்கப்பட்டு எழுதுகிறேன் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். ஒருத்தன் செய்த வேலைக்கு இன்னொருத்தி பேர் வாங்குவது எனக்கு எப்போதுமே பிடிக்காது. ஜோதிக்கு அந்தப் புத்தி ஏது?

ஜப்பானில் நான் இருந்த ஊரில் நல்ல சாமான்களையே தெருவோரம் வைத்துவிட்டுப் போவார்கள். ஒரு சின்ன கலர் டிவி, அதில் மாட்டி ஆடும் வீடியோ கேம் பெட்டி, ஒரே ஒரு கேசட், மூன்றையும் அப்படித்தான் எடுத்து வந்தேன். இங்கே விலைக்கு வாங்கியதாகச் சொன்னேன். ஸ்ரீபெரும்புதூரில் எதைச் சொன்னாலும் வாயைப் பிளந்து கேட்பார்கள், அதற்காக உண்மையை வீணாக்க வேண்டுமா?

கேசட்டில் இருந்தது வெறும் சுட்டுத்தள்ளும் ஆட்டம் இல்லை. கதை. ஒரு வாள்காரன், தாடி வைத்த மந்திரவாதி, ஒரு தடியன், வெள்ளை அங்கி போட்ட வைத்தியக்காரப் பெண். நாலு பேரும் கட்டைவிரல் உயரத்தில் ஒருவர் பின் ஒருவராக நடப்பார்கள். வடக்கே மலைக்கோட்டையில் இருக்கும் அரக்க ராஜாவைக் கொல்ல வேண்டும். வழியில் ஊர் ஊராக ஆட்களிடம் பேச வேண்டும். பேசினால் திரையின் கீழே கறுப்புக் கட்டத்தில் ஜப்பானிய எழுத்து வரும். அடிபட்டால் அவரவர் பெயருக்கு எதிரே இருக்கும் உயிரின் எண் குறையும். அந்தப் பெண் பச்சைக் குப்பியை எடுத்துக் கொடுப்பாள்.

ஜூன் மாதம் பிரஸ்ஸில் டை என்கிற இரும்பு அச்சு விழுந்து அண்ணாதுரையின் கால் நசுங்கியது. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துக் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று வேளையும் மாத்திரை, தினமும் கட்டு மாற்ற வேண்டும், மாத்திரை நின்றால் சீழ் ரத்தத்தில் ஏறிவிடும் என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொல்லியனுப்பியிருந்தார். கட்டும் மாத்திரையும் ஜோதியின் வேலை. கம்பெனி சார்பில் பார்த்துவரப் போனவன் நான். ஷிஃப்டில் “ஜப்பான் கதை சொல்லு சார்” என்று என் பின்னாலேயே சுற்றுகிறவன் அவன் ஒருத்தன்தான். அந்த மரியாதைக்காக டிவியையும் பெட்டியையும் அவன் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போனேன்.

முதல் நாளே கூடம் நிறைந்துவிட்டது. அண்ணாதுரையின் அம்மா ராஜாமணி டிவிக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவர்களுக்குக் கதை என்றால் திரௌபதி அம்மன் கோயில் பாரதம்தான். வேறு தெரியாது.

“பாரதம் வச்சா நடுவுல நிறுத்தக் கூடாது தம்பி. வூட்டுக்கு ஆவாது. பட்டாபிஷேகம் வரிக்கும் சொல்லி முடிச்சிட்டுத்தான் நீ பொட்டிய எடுக்கணும்” என்றாள்.

ஆட்டம் தொடங்கும்போது நாலு பேருக்கும் பெயர் வைக்கச் சொல்லும். நான் கேட்பதற்குள் அண்ணாதுரை கட்டிலிலிருந்து கை நீட்டினான். “அந்த வாளு வச்சிக்கினு கீறவனுக்கு எம் பேரு போடு சார். வைத்தியக்காரிக்கு ஜோதி பேரு.”

போட்டேன். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அண்ணாதுரை கோயில் திருவிழாவில் காப்புக் கட்டி, அர்ச்சுனன் வேஷத்தில் தபசு மரம் ஏறியவன். காப்பு அவிழ்க்கும் நாள்வரை அவனை வீட்டில்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்களாம். அவன்தான் அர்ச்சுனன். அர்ச்சுனனுக்கு நடப்பது அவனுக்கு நடப்பது. அந்த ஊரில் இது விளையாட்டு இல்லை. பொம்மைக்குத் தன் பெயரை வைத்தபோது அவன் என்ன செய்தான் என்று அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் புரிந்தது. மற்றவர்கள் அதற்குள்ளேயே இருந்தார்கள்.

வாரத்தில் சில மாலைகள் போவேன். கட்டத்தில் எழுத்து வர வர நான் கதையைச் சொல்வேன். நன்றாகவே சொல்வேன். பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி அரிசி புடைப்பதை விட்டுவிட்டு வந்து உட்காருவாள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். இவர்களுக்கு வாசனை மட்டும் தெரிந்தது, கற்பூரம் தெரியவில்லை. எனக்கு அது போதும்.

ஒரு நாள் மந்திரவாதி தன் பூர்வ கதையைச் சொல்லும் இடம். நான் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ராஜாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கட்டு மாற்றிக்கொண்டிருந்த ஜோதி தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தாள்.

“இன்னா சார், அங்க ரெண்டு வரிதான் கீது. நீங்க இவ்ளோ நேரமா சொல்லிக்கினே கீறீங்க?”

பாஞ்சாலி சிரித்துவிட்டாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாதுரையும் சிரித்தான். அது ஒரு கேள்வியே இல்லை. எட்டாவதோடு நின்ற பெண்ணுக்கு என்ன பதில் சொல்வது? அந்த மொழியில் எழுத்து குறைவு, அர்த்தம் நிறைய என்றேன். அவள் “ஓ” என்றாள். அந்த “ஓ”வில் மரியாதை இல்லை.

அடுத்த முறை போனபோது கதையில் வைத்தியக்காரி கொஞ்சம் மாறியிருந்தாள். பெரிதாக ஒன்றும் இல்லை. எல்லோரும் தூங்கும்போது அவள் மட்டும் விழித்திருந்தாள். அதற்கடுத்த முறை, அவள் அரக்க ராஜாவின் கோட்டையில் பிறந்தவள் என்று வந்தது. பிறகு நாலு பேரும் ஒரு சேற்று நிலத்தைத் தாண்டினார்கள். அவள் பச்சைக் குப்பியை எடுத்து வாள்காரனிடம் கொடுத்தாள். அங்கிருந்து அவன் ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் திரை ஒரு முறை சிவந்து மங்கியது, அவன் உயிரின் எண் இறங்கிக்கொண்டே வந்தது. அண்ணாதுரைக்கு எண் படிக்கத் தெரியும். நான் சொல்வதற்கு முன்பே அவன் முகம் வெளிறிவிட்டது.

“சார், தப்பா நெனச்சிக்காத. அவ குடுக்கறது இன்னா மருந்து சார்?”

“குப்பிக்குள் இருப்பதை யார் பார்த்தார்கள் அண்ணாதுரை? வாங்கிக் குடிக்கிறவன் அல்லவா யோசிக்க வேண்டும்” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். ஜோதி பெயரை நான் எடுக்கவே இல்லை.

அன்றிலிருந்து அவன் மாத்திரையை விழுங்குவதில்லை. கன்னத்தில் ஒதுக்கி வைத்து, அவள் திரும்பியதும் துப்பி, ஒரு கைக்குட்டையில் முடிந்து வைத்தான். கட்டு மாற்ற வந்தால் நல்ல காலால் உதைத்தான். ராஜாமணி தன் மகனுக்குத் தனி அடுப்பில் சமைக்க ஆரம்பித்தாள். ஒரு மாலை அவன் அந்தக் கைக்குட்டையை என் சட்டைப் பையில் திணித்தான்.

“இத்த உங்க கம்பெனி ஜப்பான்காரன் டாக்டராண்ட காட்டி, இன்னா கலந்து கீதுன்னு கேட்டுக்கினு வா சார். உன்னத்தான் நம்பறேன்.”

ஒரகடம் போகும் வழியில் ஏரிக்கரையில் இறங்கி முடிச்சைத் தண்ணீரில் போட்டேன். அடுத்த முறை போனபோது “இன்னா சார் சொன்னான்?” என்றான். முதலில் ஆட்டத்தைப் பார்ப்போம் என்றேன். அவன் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். என் முகத்தில் அவன் எதைப் படித்தான் என்பதற்கு நான் பொறுப்பாளி இல்லை.

ஆகஸ்ட்டில் புண்ணின் வாடை கூடத்துக்கு வந்துவிட்டது. நான் டிவியை வாசல் பக்கம் தள்ளி வைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் ஜோதி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஃபாக்டரி கேட்டுக்கே வந்துவிட்டாள். ஷிஃப்ட் விட்டு ஆட்கள் பஸ் ஏறிக்கொண்டிருந்த நேரம். மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ரோடு முழுக்கப் போலீஸ், ஒரு கான்ஸ்டபிள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குச் சங்கடமாக இருந்தது.

“சார், நீங்க சொன்னா கேப்பாரு. மாத்தர போடச் சொல்லுங்க சார். காலு கறுத்துப் போச்சி. ஒடம்பு நெருப்பா கொதிக்குது.”

நான் பஸ்ஸில் சீட் காலியாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

“கதைல அந்தப் பொண்ண நல்லவளா மாத்திடுங்க சார். அவ குடுக்கறது நல்ல மருந்துன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும். அவரு குடிச்சிடுவாரு. நான் அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அப்பிடி கேட்டது தப்புதான் சார். கால்ல வேணா வுழறேன்.”

விழுந்தாள். குழந்தையோடுதான் விழுந்தாள். அவள் கேட்டது நியாயம்தான் என்று அப்போதே எனக்குத் தோன்றியது. ஒரே வார்த்தை. ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால், கதை என் இஷ்டத்துக்கு மாறுகிறது என்று நானே ஒப்புக்கொண்டதாகும். அவள் கேட்ட அந்தக் கேள்விக்கு அவள் விரும்பிய பதிலை என் வாயாலேயே கொடுத்ததாகும். “எழுத்தில் இருப்பதை நான் எப்படியம்மா மாற்ற முடியும்?” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். சீட் கிடைத்தது.

மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் அண்ணாதுரை செத்தான். வேனில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு “ஜோதிதாம்மா” என்றானாம். அதை வைத்து நீங்கள் வழக்குப் போட்டீர்கள். ஊரில் ஒருத்தர்கூட ஜோதிக்காக வாயைத் திறக்கவில்லை. பாஞ்சாலி உட்பட.

என்னை நீங்கள் சாட்சியாகத்தான் கூப்பிட்டீர்கள். வந்து உட்கார்ந்தேன். அப்போது ஜோதியின் வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். “அந்தாளுக்குப் படிக்கவே தெரியாது சார், படத்தப் பாத்து சும்மா அள்ளி வுடறாரு” என்று அதில் இருந்தது. படித்துவிட்டுச் சிரித்தீர்கள். “போய்யா, போய் வேலையைப் பாரு. பொம்மை காட்டற ஆளுக்கும் கொலைக்கும் என்ன சம்பந்தம்?” என்றீர்கள். ரைட்டரும் சிரித்தார். நான் அப்போதே தாள் கேட்டேன். நீங்கள் உடனே கொடுக்கவில்லை. என் பெட்டியைக் கைப்பற்றி, ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கும் பூர்ணிமா என்ற பெண்ணை மெட்ராஸிலிருந்து வரவழைத்தீர்கள். இன்று காலை அவர் இந்த மேஜைமேல் டிவியை வைத்து ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தார்.

வாள்காரனின் பெயர் என்ன என்று கேட்டீர்கள். இது பெயரே இல்லை, யாரோ கைக்கு வந்த எழுத்தையெல்லாம் அழுத்தியிருக்கிறார்கள் என்றார். வைத்தியக்காரியின் பெயரும் அப்படியே. பிறகு கட்டத்தில் இருப்பதைப் படித்தார். வாள்காரனுக்கு விஷம் ஏறியது சேற்று நிலத்திலிருந்தாம். பச்சைக் குப்பியில் இருப்பது விஷமுறிவு மருந்தாம். தன் ஆயுளில் பாதியை எடுத்துத்தான் அந்தப் பெண் அதைக் காய்ச்சுகிறாளாம். குடிக்கிறாயா என்று ஆட்டம் ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்பதை அழுத்தியிருக்கிறேன். பூர்ணிமா என்னைத் திரும்பிப் பார்த்தார். நல்ல குடும்பத்துப் பெண் போலிருக்கிறது, டிவியை அணைத்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டார்.

அவர் படித்தது சாதாரணக் கதை. பத்திரிகைக்கு அனுப்பினால் திரும்பி வந்துவிடும்.

ஆம், எனக்கு அந்த எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாது. ஜப்பானில் கற்றது வணக்கம், நன்றி, கழிவறை எங்கே என்பது மட்டும்தான். நான் சொன்ன கதை முழுவதும் நான் கட்டியது. அண்ணாதுரை அதை நம்பி மாத்திரையை நிறுத்துவான் என்று தெரிந்து சொன்னேன். நிறுத்தினால் சாவான் என்று தெரிந்து சும்மா இருந்தேன். ஜோதி கொடுத்தது டாக்டர் எழுதிய மாத்திரை. அவளுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை, அவளை நீங்கள் அனுப்பிவிடலாம்.

என்மேல் மட்டும் முழுப் பழியையும் போடுவது சரியில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். எழுத்துத் தெரியாதவன் பேச்சைக் கேட்டுக்கொண்டு உயிரை விடாதே என்று, அந்த வீட்டில் யாராவது விவரம் தெரிந்தவர்கள் அண்ணாதுரைக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.