இந்தக் கரை வேண்டாம் தம்பி

அந்தக் கயித்துக்கு அந்தாண்ட போகாதீங்க தம்பி. ஆமா, உங்களத்தான் சொல்றேன். மொதல்ல சின்னப் பாப்பா கையப் புடிச்சுக்கோங்க. படிக்கட்டு பாதிதான் இருக்கு, மீதி கடலோட போயிடுச்சு. கவுன்சில்காரன் வந்து கயித்தக் கட்டி ஒரு போர்டும் மாட்டினான். அந்த போர்டும் போயிடுச்சு. இங்க வாங்க, கார் ஜன்னல்கிட்ட வாங்க. நான் எறங்க மாட்டேன், முட்டி ரெண்டும் ஒத்துழைக்கிறதில்ல. கார்லேயே உக்காந்து பேசறேன், தப்பா நெனச்சுக்காதீங்க.

எங்கேருந்து? லீட்ஸா? அடக் கடவுளே, அங்கேருந்து கெளம்பி இந்த ஸ்கார்ன்பிக்கா வந்தீங்க? யாரு சொன்னா உங்களுக்கு? ஓ, போன்ல பாத்தீங்களா. கல்லாப் போன நத்தை கெடைக்கும்னு போட்டிருந்தானா? போடுவான் போடுவான். எவனோ ஒருத்தன் வந்து ஒண்ணப் பொறுக்கிட்டுப் போயி படம் போட்டுட்டான். அன்னையிலேருந்து ஞாயித்துக்கெழமையானா போதும், சுத்தியலும் வாளியுமா வந்து நிக்கிறாங்க.

நத்தையும் கெடையாது ஒண்ணும் கெடையாது. இது பாறை இல்ல தம்பி, வெறும் களிமண்ணு. டீயில நனைச்ச ரொட்டி மாதிரி பொதபொதன்னு இருக்கும். மேல நின்னா காலோட வாரிக்கிட்டுப் போகும், கீழ நின்னா தலையில விழும். பொம்பளப் பிள்ளைங்க ரெண்டையும் வச்சுக்கிட்டு எதுக்கு வம்பு? நான் வேற நல்ல எடமா சொல்றேன், கேளுங்க.

ராபின் ஹுட்ஸ் பே போங்க. நத்தைக்குன்னே உள்ள ஊரு அது. சுத்தியலே வேண்டாம், குனிஞ்சா கெடைக்கும். தெருதான் செங்குத்து, ஏறி வர்றதுக்குள்ள நாக்குத் தள்ளிடும். தூரமா? யாரு, பெரியவளா? கார்ல வாந்தி எடுப்பாளா? சரி விடுங்க, அப்ப ப்ரிட்லிங்டன். அரை மணியில போயிடலாம். கடற்கரையில கழுதை சவாரி இருக்கு. மீனும் சிப்ஸும் வாங்குனா மூடிக்கிட்டே தின்னுங்க, அங்க இருக்கிற கடல் காக்கா மனுஷன் வாயிலேருந்தே புடுங்கும். எங்க வீட்டுக்காரர் நார்மன் கையிலேருந்து முழு மீனத் தூக்கிட்டுப் போச்சு ஒரு தடவை. மனுஷன் ஒரு வார்த்த பேசணுமே! காக்காகிட்டயே மன்னிப்புக் கேட்டாலும் கேட்டிருப்பாரு.

இல்லையா, பெம்ப்டன். செவப்பு மூக்குப் பறவை வரும், பிள்ளைங்க படத்துல பாத்திருக்கும். நாத்தம் கொடலப் புடுங்கும், ஆனா பாக்கலாம். ஹார்ன்சியில ஏரி இருக்கு, படகு விடறாங்க. மழை புடிச்சுக்கிச்சுன்னா பெவர்லி போயிடுங்க. அங்க பெரிய சர்ச்சுல மேளக்காரன் குழல்காரன்னு சுவத்துலேயே கல்லுல செதுக்கி வச்சிருக்கான். பக்கத்துல டீக்கடை, கேக்கு நல்லாருக்கும். இவ்ளோ சொல்றேன், நீங்க என்ன அந்தக் கயித்தையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?

என்ன கண்ணு? அப்பா போன்ல இங்கயும் சர்ச்சு போட்டிருக்கா? காட்டு பாப்போம். அது பழைய படம்மா. அந்தக் கயிறு தெரியுதுல்ல, அதுக்கு நேரா அந்தாண்ட, வெறுங்காத்துல பறவை பறக்குதே, அங்கதான் சர்ச்சு இருந்துச்சு. எனக்குக் கல்யாணம் நடந்த எடம்.

ஆமா தம்பி, கல்லறைத் தோட்டமும் அங்கயேதான். அது வந்து... பாப்பா, அதோ அந்தப் பெஞ்சுல போயி ரெண்டு பேரும் உக்காருங்க. இந்தாங்க பிஸ்கட் டப்பா. மூடியச் சரியா மூடணும், என்ன?

இல்ல, அப்படியே கடல்ல விட்டுடல. கடல் கல்லறை வேலிகிட்ட வந்தப்பவே பாதிரியார் வீடு வீடாச் சொல்லி அனுப்பிட்டாரு. பச்சைத் துணியில மறைப்புக் கட்டி, எல்லாரையும் பதமா எடுத்து, மெயின் ரோட்டுப் பக்கம் புது எடத்துல வச்சாங்க. எங்க மாமியாரையும் தூக்கினாங்க. உசுரோட இருந்தப்ப அடுப்படி நாக்காலிய விட்டு நகராத பொம்பள, லாரியில போச்சு. ஊர்க்காரங்க நாங்கல்லாம் வெளிய நின்னு டீ குடிச்சுக்கிட்டிருந்தோம். இங்கதான் எதுக்கெடுத்தாலும் டீ போட்டுருவோமே. நார்மன் மட்டும் டீக்கு வரல. நாயப் புடிச்சுக்கிட்டு வடக்குச் சுவரோரமா நின்னுக்கிட்டே இருந்தாரு, வேலையாளுங்க சாமானெல்லாம் ஏத்திட்டுப் போற வரைக்கும். பாதிரியார் போயி, எல்லாம் முடிஞ்சுதே, வேற ஏதாவது உண்டான்னு கேட்டாராம். ஒண்ணுமில்லைங்க, ரொம்ப நன்றின்னாராம்.

கல்லும் பேரும் இருந்தவங்களத்தான் எடுத்தாங்க தம்பி. பேரே இல்லாதவங்கள யாரு வந்து கேப்பாங்க?

உங்க பிள்ளைங்க ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியிலதானே பொறந்தாங்க? பக்கத்துல இருந்தீங்களா? கையில வாங்குனீங்களா? நல்லது. எங்க காலத்துல ஆம்பளைய உள்ள விட மாட்டாங்க. குழந்தை உசுரில்லாம பொறந்துச்சுன்னா பெத்தவளுக்கும் காட்ட மாட்டாங்க. பாத்தா மனசு ஒடிஞ்சு போகுமாம். துணியில சுத்தி எடுத்துட்டுப் போயிடுவாங்க. நான் தலையத் தூக்கிப் பாக்கறதுக்குள்ள கதவு சாத்திடுச்சு. பொண்ணுன்னு மட்டும் ஒரு நர்ஸ் காதோட சொன்னா, பாவம், அதுக்கே அவளுக்குத் திட்டு விழுந்துச்சு. நான் வீட்டுக்கு வர்றேன், தொட்டில் இல்ல, பின்னுன சட்டை இல்ல. எல்லாத்தையும் அப்புறப்படுத்திடுன்னு நார்மன்கிட்ட சொல்லி அனுப்பியிருக்காங்க. அவள எங்க பொதைச்சீங்கன்னு நான் யாரையும் கேக்கல. அந்தம்மா ஒரே ரகளைன்னு பேரு வந்துடுமேன்னு வாய மூடிக்கிட்டேன். அவரும் பேசல. மறுநாளு முட்டையும் ரொட்டியும் தின்னோம், அவரு பன்னிப் பண்ணைக்கு வேலைக்குப் போயிட்டாரு.

கல்லறைக் குழி வெட்டுறவன் ஒருத்தன் இருந்தான், பேரு சிட். குழந்தைய வச்சது வடக்குச் சுவரோரம், இன்ன எடம்னு மதுக்கடையில நார்மன்கிட்ட சொல்லியிருக்கான். ஞாயித்துக்கெழமை தவறாம நாயோட போவாரு மனுஷன். வீட்டு வேலைக்கு டிமிக்கி குடுக்கிறாருன்னு நான் கரிச்சுக் கொட்டுவேன். சாகப்போற நேரத்துலதான் சொன்னாரு. எனக்கு வந்த கோவத்துக்கு அந்தத் தலகாணிய எடுத்து அமுக்கிடலாமான்னு இருந்துச்சு. பாவி மனுஷா, அவங்க தோண்டிக்கிட்டிருந்தப்ப சொல்லியிருந்தா அவளையும் எடுத்திருப்பாங்களேன்னு கத்தினேன். பாதிரியார்கிட்ட சொல்லணும்னா மொதல்ல உன்கிட்டல்ல சொல்லணும், நீதான் கேக்கவே இல்லையேன்னாரு.

இந்தக் குளிர்காலத்துல அந்த வடக்குச் சுவரும் கீழ சரிஞ்சிடுச்சு. கடல் உள்வாங்கும்போதெல்லாம் நானே எறங்கிப் போயி மண்ணக் கிளறிப் பாத்துக்கிட்டிருந்தேன். இப்ப முட்டி விடல. அதான் இங்க உக்காந்துக்கிட்டு வர்றவங்கள எல்லாம் ப்ரிட்லிங்டன் போ, பெம்ப்டன் போன்னு வெரட்டிக்கிட்டிருக்கேன். எதையாவது பொறுக்கிக் காரு டிக்கியில போட்டுக்கிட்டுப் போயிடுவாங்களோன்னுதான் தம்பி.

இல்ல, அழாதீங்க. நீங்க எதுக்கு அழறீங்க? இங்க பாருங்க. அந்தக் கேரவன் வண்டி நிக்குதுல்ல, அதுக்குப் பின்னாடி ஒரு சரிவு இருக்கு. நல்ல வழி, சறுக்காது. நான் யாருக்கும் காட்டறதில்ல. மத்தியானம் வரைக்கும் தண்ணி ஏறாது. பிள்ளைங்க என்கிட்டயே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன். நீங்க மட்டும் ஒரு நடை கீழ போயி, சுவத்துச் செங்கல் கெடக்குற எடத்துல பாத்துட்டு வர்றீங்களா? சுத்தியல் வேண்டாம், வச்சுட்டுப் போங்க. வெள்ளையா இருக்காது, பழுப்பா இருக்கும். கோழி எலும்புன்னு நெனச்சு வீசிடாதீங்க. கெடைச்சா பையில போடாம கையிலேயே எடுத்துட்டு வாங்க தம்பி, நான் அவள ஒரு தடவ கூடத் தூக்கினதில்ல.