பச்சைப் புள்ளி

அதான் சொல்றேனே மேடம், எழுதிக்கோங்க. காணாமப் போனது எங்கப்பா, எழுபத்தி நாலு வயசு. நெட்டையா, ஒல்லியா இருப்பாரு. ஸ்கூல்ல டிரில் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. மறதி வியாதி, மூணு வருஷமா. நடந்தா நம்மளால கூட ஓட முடியாது, அந்த வேகம். போட்டோ குடுத்துட்டேன். பேரும் எழுதிட்டீங்க. வேற என்ன? கடைசியா எப்போ பார்த்தேன்... சொல்றேன் மேடம். அதுக்குள்ள இத ஒரு தடவ பாத்துடுங்க, இந்த போன.

நடுவுல பச்சையா ஒரு புள்ளி தெரியுதா? கீழ என்ன போட்டிருக்கு, படிங்க. அப்பா வீட்டில் இருக்கிறார். இப்போ, இந்த நிமிஷம் கூட அதான் சொல்லுது. காலையில நான் அந்த வீட்டுக்குள்ள போயி நின்னுட்டு வரேன் மேடம். கட்டில் இருக்கு, அவரோட கண்ணாடி இருக்கு, வெள்ளிக்கிழமை சாப்பிட்ட தட்டு காஞ்சு போயி கெடக்கு. அவரு இல்ல.

இல்ல இல்ல, அவரு எங்க இருக்காருன்னு இந்த போனுக்குச் சொல்ற மெஷின் ஒண்ணு அவரு கழுத்துல இருக்கு, அது ரிப்பேர் இல்ல. ரிப்பேர்னா நான் ஏன் இப்படி வந்து உக்காந்திருக்கேன்? மெஷின் ஒழுங்காதான் இருந்துச்சு. இந்த ஆப் நான் எழுதினது. என் வேலையே அதான், கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் எழுதறது. பதினாலு வருஷமா எழுதறேன்.

தனியாதான் இருந்தாரு, ஆமா. என் வீட்டோட வந்து இருக்க மாட்டேன்னு ஒரே அடம். அரை மணி நேரம் நடந்தா என் வீடு. காலையில ஒரு சமையல் அக்கா வந்து ரெண்டு வேளைக்கும் செஞ்சு வச்சிட்டுப் போவாங்க. மத்த நேரம் தனியாதான். அதுக்குத்தான் இந்த ஏற்பாடு. முன்னாடி கழுத்துல ஒரு விசில் போட்டிருப்பாரு, டிரில் மாஸ்டர் விசில். வெளிய போயி வழி தெரியலன்னா அப்படியே நின்னு ஊதுவாரு. மருந்துக் கடைக்காரரோ, துணி தேய்க்கிறவரோ வந்து கையப் புடிச்சு வீட்டுல விட்டுடுவாங்க. எனக்கு மானம் போச்சு. மாஸ்டர் மறுபடியும் ஊதினாருன்னு ஆளாளுக்கு சிரிச்சிட்டே சொல்லுவாங்க. அந்தக் கயித்துல இருந்து விசில கழட்டிட்டு, அதே அளவுல இருக்கற இந்த மெஷின மாட்டி விட்டேன். பெரிய அறிவாளி நான். அவருக்கு வித்தியாசமே தெரியல, பாவம்.

கோச்சுக்காதீங்க மேடம். தேதிதான் வேணும், புரியுது. இத கேட்டாதான் அந்தத் தேதி உங்களுக்குப் புரியும்.

ஒரு ப்ரோக்ராம் ஓடும்போது எங்கயாவது தப்பாச்சுன்னா அது ஒரு அலறல் போடும். எக்ஸெப்ஷன்னு சொல்லுவோம். அத யாராவது புடிக்கணும். கீழ இருக்கறவன் புடிக்கலன்னா அவன வேலைக்குக் கூப்பிட்டவன்கிட்ட போகும், அவனும் விட்டா அதுக்கும் மேல. உங்க டிபார்ட்மென்ட்ல பைல் மேல போற மாதிரி வச்சுக்கோங்க. ஒருத்தருமே புடிக்கலன்னா ப்ரோக்ராம் அங்கயே படுத்துடும். படுக்கறது கூட நல்லது மேடம். படுத்தா தெரிஞ்சு போயிடும். கைய நீட்டிப் புடிச்சிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி இருந்துடறது இருக்கு பாருங்க, அதுதான் பாவம். ஆபீஸ்ல புதுசா வர்ற பசங்க அப்படி எழுதினா நான் வாங்கு வாங்குன்னு வாங்குவேன். அழ வச்சிருக்கேன் ஒருத்தன.

அப்பா மெஷினுக்கு அலறல வகை வகையா எழுதினேன். சிக்னல் போனா ஒண்ணு. பேட்டரி இறங்கினா ஒண்ணு. கயித்த கழட்டினா ஒண்ணு. தெருமுனைய தாண்டினா ஒண்ணு. இந்த நாலுக்கும் மேல பொதுவா ஒரு வகை இருக்கும், அத அப்பன்னு சொல்லுவோம், இதெல்லாம் அதோட பிள்ளைங்க. நல்லாத்தான் வேலை செஞ்சுது. ஆனா அவரு குளிக்கப் போனா சிக்னல் போயிடும், அந்தச் சுவரு அப்படி. உடனே என் போன் ஆம்புலன்ஸ் மாதிரி கத்தும். மீட்டிங்ல மூணு தடவ கத்திச்சு. என்ன, அப்பா மறுபடி ஓடிட்டாரான்னு மேனேஜர் கேட்டாரு, எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன். சிரிச்சிட்டு, மத்தியானம் ஒரு கையில சாப்பாட்ட வச்சுக்கிட்டே நாலு வரி எழுதினேன். அலறல் வந்தா புடி. ஒரு மூலையில குறிச்சு வை. கடைசியா எங்க இருந்தாரோ அதையே காட்டு. பச்சையா காட்டு.

சிக்னல் அலறல மட்டும் புடின்னு எழுதியிருக்கணும். பிள்ளை பேரச் சொன்னா அந்த ஒண்ணுதான் மாட்டும். நான் அவசரத்துல அப்பன் பேரப் போட்டேன். அப்பன் பேரப் போட்டா மொத்தக் குடும்பமும் மாட்டும் மேடம். பேட்டரி, கயிறு, தெருமுனை, எல்லாம். அன்னையில இருந்து போன் கத்தவே இல்ல. அப்பாடான்னு இருந்துச்சு. எனக்கு எவ்ளோ நிம்மதின்னு வெளிய சொல்லவே வெக்கமா இருக்கு.

இருபத்தி மூணு நாள். கேட்டீங்கல்ல, நான் என் கண்ணால எங்கப்பாவ பார்த்து இருபத்தி மூணு நாள் ஆச்சு. புள்ளி பச்சையா இருக்கே, அப்புறம் எதுக்கு அலையணும்னு. தினம் அம்பது தடவ புள்ளிய பார்ப்பேன். அதுவே அவர பார்த்த மாதிரி ஆயிடுச்சு.

சனிக்கிழமை வந்து என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்பான்னு போன்ல சொல்லியிருந்தேன். வேலை வந்துடுச்சு, போகல. போகலன்னு ஒரு வார்த்தை கூட சொல்லல. சமையல் அக்கா சனிக்கிழமை வந்து பார்த்திருக்காங்க, கதவு பூட்டியிருக்கு. சரி, மக வந்து கூட்டிட்டுப் போயிட்டான்னு திரும்பிப் போயிட்டாங்க. அவங்கள குத்தம் சொல்ல முடியாது. இன்னைக்குத் திங்கக்கிழமை, அய்யா வந்துட்டாரான்னு போன் பண்ணினாங்க. அப்போதான் எனக்கே தெரியும்.

என்ன மேடம், யாருக்கு போன் பண்றீங்க? வேண்டாம், வேண்டாம், வைங்க அத. உங்க ஆளுங்கள அவரு வீட்டுப் பக்கம் அனுப்பாதீங்க. அங்க தேடினா நேரம்தான் போகும். ஏற்கனவே ரெண்டு நாள் போயிடுச்சு. தயவு செஞ்சு வைங்க.

மூலையில குறிச்சு வைன்னு எழுதினேன்ல, அத காலையில தொறந்து பார்த்தேன். அலறல்னா வெறும் சத்தம் இல்ல மேடம், எங்க, எத்தன மணின்னு எல்லாத்தையும் மடியில கட்டிக்கிட்டு வரும். சனிக்கிழமை பத்து பத்துக்குத் தெருமுனைய தாண்டியிருக்காரு. அப்புறம் பாலம். அப்புறம் பெட்ரோல் பங்க். பதினேழு தடவ கத்தியிருக்கு. பதினேழையும் நான் எழுதின நாலு வரி புடிச்சு முழுங்கிடுச்சு. சில நாள் என் பேரே மறந்துடும் அவருக்கு. வழி மறக்கல பாருங்க. நான் வரலன்னதும் அவரே கிளம்பியிருக்காரு. கடைசிக் குறிப்பு பத்து நாப்பது. அதோட பேட்டரி போச்சு. அது எங்க அபார்ட்மென்ட் கேட்.

இல்ல, யாரும் பார்க்கலன்னு சொல்ல முடியாது. வாட்ச்மேன் பார்த்தான். புது ஆளு, அவனுக்கு அப்பாவ தெரியாது. எனக்கு இன்டர்காம்ல கூப்பிட்டான். கீழ ஒரு பெரியவர் நிக்கிறாரு, மூணாவது மாடிங்கறாரு, யாரு வீடுன்னு கேட்டா பேரு வர மாட்டேங்குது, கழுத்துல எதையோ மாட்டிக்கிட்டு வாயில வச்சு ஊதி ஊதிப் பார்க்கறாரு, சத்தமே வரல, உங்க வீட்டு ஆளா மேடம்னு கேட்டான்.

பால்கனி ரெண்டு எட்டுதான் மேடம். எட்டிப் பார்த்திருந்தா போதும். நான் போனப் பார்த்தேன். பச்சையா இருந்துச்சு. எங்கப்பா வீட்டுல இருக்காருப்பா, வேற எங்கயாவது போயி கேக்கச் சொல்லுன்னு சொல்லிட்டு வேலைய பார்க்க ஆரம்பிச்சிட்டேன்.

கடைசியா பார்த்த இடம்னு ஒரு கட்டம் காலியா விட்டிருக்கீங்களே, அதுல என் வீட்டு அட்ரஸ எழுதுங்க. இந்த விசிலையும் வச்சுக்கோங்க, என் பையிலதான் கெடந்துச்சு. தேடிப் போறவங்க தெருவுக்குத் தெரு இத ஊதிக்கிட்டே போகட்டும். இந்தச் சத்தத்துக்கு அவரு திரும்பிப் பார்ப்பாரு.