அடுப்போரத்துப் பாட்டில்

என் சமையலை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. ஓய்வு பெறும்வரை ஓர் அலுவலகக் கேன்டீனில் நான்தான் தலைமைச் சமையல். அதனால்தான் மாரடைப்பு வந்த என் தம்பியை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் மாடி வீட்டில் கொண்டுவந்து விட்டான் அவன் மகன். "அத்தை, உங்க கையில ஒப்படைச்சிட்டேன். இனிமே எனக்குக் கவலையில்ல" என்று சொல்லிவிட்டுத் தன் ஊருக்குப் போனான்.

அதற்கு முன்னால் நான் எப்படி இருந்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். ரேடியோவில் செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்னால் நானும் பதில் வணக்கம் சொல்வேன். கழுவிய தட்டையே எடுத்து மறுபடி கழுவுவேன். பேச்சுத் துணை இல்லாத வீட்டில் சாயங்காலம் லேசில் போகாது.

கிளினிக்கில் உணவு ஆலோசகர் பெண் பொறுமையாக விளக்கினாள். வெண்ணெயும் இறைச்சிக் கொழுப்பும் கூடாது. சூரியகாந்தி எண்ணெய், வால்நட், மீன் நல்லது. "கெட்ட கொழுப்பு இறங்கும்மா. அடையாளம் சுலபம். இந்த எண்ணெயை ஃப்ரிட்ஜ்ல வச்சாலும் கட்டியாகாது. மத்தது வெள்ளையா உறைஞ்சிடும்" என்றாள். தம்பி நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான்.

நானும் கண்ணும் கருத்துமாகத்தான் சமைத்தேன். அவன் சமையலறை மேஜையில் உட்கார்ந்து வால்நட் உடைப்பான். உடைத்ததே கடையில் கிடைக்கிறதே என்றால், "உடைக்கிறதுலதான்க்கா பாதி ருசி" என்பான். "ஊருக்கே வாரி வாரிப் போட்ட கை, எனக்கு எண்ணெய் ஊத்த மட்டும் ஏன் இப்படிச் சுருங்குது?" என்று கிண்டல் வேறு. நான் சந்தோஷமாக இருந்தேன்.

பரிசோதனை முடிவு நன்றாக வந்தது. டாக்டருக்கே ஆச்சரியம். திரும்பும்போது பஸ்ஸில் தம்பி சொன்னான்: "உடம்பு தேறிடுச்சுக்கா. பையன் கூப்பிட்டுட்டே இருக்கான். அவன்கூடயே போய் இருந்துடலாம்னு பாக்குறேன்."

அவனுக்குக் கெடுதல் நினைத்தேன் என்று வாக்குமூலத்தில் எழுதாதீர்கள். ஒரே ஒரு பரிசோதனை சரியில்லாமல் வந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். பேக்கரிக்காரர்கள் வாங்கும் கட்டிக் கொழுப்பு இருக்கிறதே, அதை உருக்கிச் சூரியகாந்தி எண்ணெய்ப் பாட்டிலில் கலந்தேன். அதற்கு வாசனை கிடையாது. உறையாமல் இருக்க அடுப்போரத்திலேயே வைத்தேன். வெந்த மீன்மேல் அதைத்தான் ஊற்றினேன்.

முடிவு மோசமாக வந்தது. பயணம் தள்ளிப்போனது. கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான், பிறகு வால்நட் உடைக்க வந்து உட்கார்ந்துவிட்டான். அதன்பின் அவன் மகனிடம் போவதாகப் பேச்செடுத்தபோதெல்லாம் கொழுப்பைச் சற்றுக் கூட்டினேன்.

ஆலோசகர் பெண்ணுக்குச் சந்தேகம். "சொன்னதைத்தான் சாப்பிடுறீங்களா?" என்றாள். தம்பிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"எங்கக்கா கையால அளந்து ஊத்துறாங்க. அவங்களத் தப்பா பேசாதீங்க."

எனக்காக யாரும் அப்படிப் பரிந்து பேசியதில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். அன்றைக்கும் அந்தப் பாட்டிலைத்தான் எடுத்தேன்.

அந்தப் பாட்டில் ஃப்ரிட்ஜில் வெள்ளையாக உறைந்து கிடந்ததாகச் சொல்கிறீர்கள். நான் அதை ஒருநாளும் அங்கே வைத்ததில்லை. அப்படியானால் அவன்தான் வைத்துப் பார்த்திருக்கிறான். நான் மீன் வாங்கப் போயிருந்த நேரமாக இருக்கும். திரும்பி வந்தபோது மாடிப்படியில் விழுந்து கிடந்தான். அப்போதே உயிர் இல்லை. பக்கத்தில் அவன் துணிப்பெட்டி.

ஆக, அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆமாம், என் சமையலால்தான் செத்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்தப் பெட்டி விஷயத்தை மட்டும் திருத்தி எழுதுங்கள். விழுந்து கிடந்தபோது அவன் முகம் தெருப்பக்கம் இருந்தது உண்மைதான். அதை வைத்து அவன் கிளம்பிவிட்டான் என்று நீங்கள் முடிவுகட்டுகிறீர்கள். என் தம்பியை எனக்குத் தெரியும். மனசு கேட்காமல், பெட்டியைத் திரும்ப மேலே கொண்டுவந்துகொண்டிருந்தான்.