பாதரசம் ஏறிய விதம்

பிரஷர் பார்க்கும்போது பேசக்கூடாது. படித்தவர்களுக்கே இது தெரிவதில்லை. கால்மேல் கால் போடக்கூடாது, சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக்கூடாது, கை தொங்கக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் பாதரசம் கொஞ்சம் ஏறும். அமைதியாக உட்கார்ந்திருந்தால் தானாக இறங்கிவிடும். அப்படித் திடீரென்று ஏறுவது நோயல்ல. ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் முதலுதவி அறையில் பல வருடம் இருந்தவன் சொல்கிறேன். நாற்காலி வேண்டாம், ஐயா. கொஞ்ச நாளாக என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நின்றே சொல்கிறேன்.

எங்களுக்குப் பூர்வீகம் உசிலம்பட்டிப் பக்கம். பிழைக்க வந்த ஊரிலும் இந்த வெள்ளைச்சாமி வீடு என்றால் ஒரு மரியாதை உண்டு. என் மகள் லாவண்யா, எங்கள் கம்பெனியில் டிரெய்னியாக இருந்த ராயக்கோட்டைப் பையன் வெஸ்லினைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். நல்ல பையன்தான். சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அது நடக்காது, அவ்வளவுதான். வேலை நிரந்தரமானதும் வந்து பெண் கேட்பதாக அவளிடம் சொல்லியிருந்தான். நிரந்தரமாக வேண்டுமென்றால் மெடிக்கல் செக்கப்பில் தேற வேண்டும். பிரஷர் பார்ப்பது என் வேலை.

அவனை வெளியே பெஞ்சில் நெடுநேரம் காக்கவைத்தேன். பாத்ரூம் போக எழுந்தபோது, "அடுத்து நீதான், உக்காருப்பா" என்றேன். ஒல்லிக் கைகளுக்கென்று வைத்திருந்த சின்னப் பட்டையை அவனுடைய தடித்த கையில் சுற்றினேன். பட்டை சிறிதானால் அளவு கூடும். காற்றடித்துக்கொண்டே மெல்லக் கேட்டேன்.

"லாவண்யாகிட்ட என்னப்பா சொல்லி வச்சிருக்க?"

அவனுக்கு வியர்த்துவிட்டது. "சார், நானே உங்ககிட்ட வந்து பேசோணும்னுதான் இருந்தேன்."

பாதரசம் ஏறியது. கதவோரம் வரிசையில் நின்ற ராஜப்பன் எட்டிப் பார்த்தான்.

"என்னடா, தக்காளிப் பெட்டி தூக்கி வளந்தவனுக்குப் பிரஷரா? சார், அது பிரஷர் இல்லீங்க. ஏதோ பொண்ணு நெனப்பு."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. தெரிய எத்தனை நாளாகும் என்றுதான் நான் யோசித்தேன்.

மறுபடி பார்த்தபோதும் அதே முறைதான். வாராவாரம் வரும் டாக்டர் மாத்திரை கொடுத்தார். இறங்கவில்லை என்று பிறகு அதைக் கூட்டினார். நிரந்தரம் தள்ளிப்போனது. நான் நினைத்தது அவ்வளவுதான். ஆனால் அவன் விடுவதாக இல்லை. உப்பைக் குறைத்தான், மாத்திரையைத் தவறாமல் விழுங்கினான். வீட்டில் லாவண்யா அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். "அவருக்குச் சீக்கிரம் சரியாயிரும்ப்பா" என்று என்னிடமே சொன்னாள்.

ஒருநாள் காலையில் அவனே வந்தான்.

"எந்திரிச்சா தலை கிர்ருங்குது சார். மாத்திரய நிறுத்திரட்டுங்களா?"

அன்றைக்கு மட்டும் முறையாகப் பார்த்தேன். படுக்கவைத்து, சரியான பட்டை சுற்றி, ஒரு வார்த்தை பேசாமல். மேல் அளவே தொண்ணூறுக்குக் கீழே கிடந்தது. எழுந்து நிற்கச் சொல்லிப் பார்த்தேன். இன்னும் இறங்கியது.

"நிறுத்திராதப்பா. திடீர்னு விட்டா ஒரேயடியா ஏறி மூளை நரம்பு வெடிச்சிரும்" என்றேன். சில மாத்திரைகளுக்கு அது உண்மையும்கூட.

"சரிங்க சார்" என்று என் காலைத் தொடக் குனிந்தான். தள்ளி நின்றுகொண்டேன். அன்று அவனுக்குக் கிரேன் மேலே வேலை என்பது எனக்குத் தெரியும்.

ஏணியில் ஏறும்போது கையை விட்டுவிட்டான் என்றார்கள். என் அறைக்குத்தான் தூக்கி வந்தார்கள். நாடி பிடித்துப் பார்த்தேன். இல்லை.

லாவண்யா அழவில்லை. "நெசமாவே அவருக்குப் பிரஷர் இருந்துச்சாப்பா?" என்று கேட்டாள். இருந்தது என்றேன். அதன் பிறகுதான் அவள் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்திருக்கிறாள்.

அவனைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். பொய்க் கணக்கு எழுதினேன் என்று மட்டும் போடாதீர்கள். எங்கள் பரம்பரையில் பொய் எழுதினவன் கிடையாது. பாதரசம் காட்டியதைத்தான் ஒவ்வொரு முறையும் எழுதினேன். கடைசியாகப் பார்த்ததை எழுதவே இல்லை.