என் காலு படிக்குது

வல்லத்துச் செங்கல் சூளை வேலையை விட்டுவிட்டு, வேறு வேலை தேடிச் செஞ்சியை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். வெயில் தாங்காமல் பாதி வழியில் பஸ் ஏறினேன். முன் இருக்கையில் செயற்கைக் கால் மாட்டிய இளம்பெண்ணும் அவளுடைய அத்தையும் இருந்தார்கள்.

"என் காலு மெட்ராஸ்ல படிக்குது, அத்த."

"இன்னாடி உளர்ற?"

"எலும்புப் புத்துநோய்னு கால வெட்டி எடுத்தாங்களே, அதுல இருந்த கட்டிய ஆராய்ச்சிக்குக் குடுத்தேன். நானே கையெழுத்துப் போட்டேன். ஜீனை ஆன் பண்ற புரோட்டீன் ஒண்ணு அதுல ஓவரா இருக்குதாம். அதான் புத்துநோய் செல்லைக் கெளப்பி நுரையீரலுக்கு அனுப்புதாம். அத அடக்கினா செல்லு நகர மாட்டேங்குதாம்."

"உன் நுரையீரலு?"

"இன்னிக்கு ரிசல்ட் சொல்வாங்க. எதுவா இருந்தாலும் கையெழுத்துப் போட்டது போட்டதுதான்."

அத்தை சொன்னாள்: "அப்போ படிக்குதுன்னு சொல்லாத. டாக்டருங்களுக்கே பாடம் எடுக்குதுன்னு சொல்லு."

செஞ்சியில் அவர்கள் இறங்கிய ஸ்கேன் சென்டர் எதிரே, இளநீர்க் கடை நிழலில் நானும் இறங்கி ஒதுங்கினேன். ஒரு மணி நேரம் கழித்து அத்தை வெளியே வந்து கடைக்காரரிடம் கத்தினாள்: "நுரையீரல்ல ஒண்ணும் இல்லியாம்! எங்க பொண்ணு காலு டாக்டருக்கே வாத்தியாரு, தெரியுமா? ரெண்டு வெட்டுய்யா, வழுக்கையா!"

மறுநாள் நான் அங்கேயே இளநீர் வெட்டும் வேலைக்குச் சேர்ந்தபோது, வந்தவர்களிடமெல்லாம் கடைக்காரர் அந்தப் பெண்ணின் காலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.