சின்னவனுக்கு ஓர் இலை

தரையில் கிடக்கிறேன். மேற்குத் தாம்பரம். டீக்கடை வாசல். பாதி உடம்பு பெஞ்சுக்கு அடியில். மீதி வெயிலில். தலைக்கு மேல் பயிற்சி விமானம். முதலில் ஈ முனகுவது போல். பிறகு தகரத்தைத் தெருவில் இழுப்பது போல். போய்விட்டது.

"ஏந்திரிண்ணா. அது நம்ம பிளேனு. டெய்லி வருது, நீயும் டெய்லி படுத்துக்கிற. பாய் ஒண்ணு வாங்கி வெச்சிடட்டா?" என்கிறார் டீக்கடைக்காரர்.

"தலையணையும் சேர்த்து வை."

சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். முழங்கால் மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது. அதற்கு நகைச்சுவை உணர்வு கிடையாது.

நான் வேடன். கிழக்கிலங்கைக் கரையோரத்து வேடர்கள் நாங்கள். தமிழ் பேசுகிறவர்கள். கடலில் மீன். காட்டில் தேன், உடும்பு. அந்தத் தீவில் எங்களுக்கு முன் யாருமில்லை என்பார்கள். பின்னால் வந்தவர்கள் சண்டை பிடித்தார்கள். குண்டு எங்கள் மேலும் விழுந்தது.

இப்போது அகதி அட்டை. கேளம்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு பெயின்ட் அடிக்கிறேன். தேனெடுக்க மரத்தில் தொங்கியவன், சுவரில் தொங்குகிறேன். "வேடர்னா வில்லு எங்க சார்?" என்று கேட்பார்கள். சர்வீஸுக்குக் கொடுத்திருக்கிறேன் என்பேன்.

குண்டு விழுந்த அன்று மாரிகாலம். காலை நேரம். முதல் ஷெல் கடலில் விழுந்தது. தொம். அடுத்தது தென்னந்தோப்பில். சனம் பள்ளிக்கூடத்துக்கு ஓடியது. நாங்கள் காட்டுக்குள் ஓடினோம். வேறெங்கே ஓடுவோம்? காடு எங்களைக் கைவிட்டதே இல்லை. ஷெல்லுக்கு அது தெரியாது.

வேட்டைக்காரப் பரம்பரை. உடும்பை முந்திக்கொண்டு ஓடினேன். ஒரு செருப்பு கழன்றது. திரும்பிப்போய் எடுத்தேன். உயிர் போகிற நேரத்தில் செருப்பு. அதுவும் வார் அறுந்தது.

"குனி! குனி!" அப்பா கத்துகிறார். படார். அதற்குப் பிறகு அப்பாவின் சத்தம் இல்லை.

புகை. அம்மா இருக்கிறாள். அக்கா இருக்கிறாள். தம்பி, எங்கள் சின்னவன், இல்லை.

எங்களிடம் ஒரு வழக்கம். காட்டுக்குள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டோம். காட்டில் இருப்பவை கேட்டுவிட்டால் ஆளைக் கொண்டுபோய்விடும். சீழ்க்கை மட்டும்தான். நான் பதறி வாயைத் திறந்தேன். அம்மா பாய்ந்து பொத்தினாள். "பேர் சொல்லாதே!"

சீழ்க்கை அடித்தோம். உதடு காய்ந்து வெறும் காற்று வந்தது. மேலே ஷெல்லும் சீழ்க்கை அடித்துக்கொண்டு போனது. எது எங்களுடையது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? இருட்டும் வரை அடித்தோம். அவன் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

கடல் தாண்டினோம். முகாம். அம்மா அங்கேயே போய்ச் சேர்ந்தாள்.

ஆண்டுக்கு ஒருமுறை சடங்கு வைப்போம். செத்தவர்களுக்கு ஆளுக்கு ஓர் இலை. சோறு, தேங்காய்ப்பால், தேன். பெயர் சொல்லி அழைத்தால் வந்து உண்பார்கள். உயிரோடு இருக்கிறவன் பெயரைச் சொன்னால், அவன் செத்துப்போவான். ஆகவே சின்னவனுக்கு நான் இலை போட்டதே இல்லை.

இந்த முறை பள்ளிக்கரணையில், அக்கா வீட்டில். அக்கா படுத்த படுக்கை. டாக்டர் கைவிரித்துவிட்டார். தேன் சூப்பர்மார்க்கெட் பாட்டில். முன்னோர்கள் எக்ஸ்பயரி தேதி பார்க்கமாட்டார்கள் என்றேன். அக்கா சிரிக்கவில்லை.

"சின்னவனுக்கும் இலை போடு."

"உயிரோட இருந்தா அக்கா?"

"இருந்தா வந்திருப்பான்ரா. செத்திருந்தா, இவ்வளவு காலமும் அவனைப் பசியில விட்டிருக்கிறாய். எல்லாரும் தின்னக்குள்ள அவன் மட்டும் வாசல்ல நிண்டு பாத்திருப்பான்."

ஒரு பகிடி சொல்லப் பார்க்கிறேன். வரவில்லை.

இலை போடுகிறேன். தேன் இலையைத் தாண்டித் தரையில் வழிகிறது. அக்கா என் வாயையே பார்க்கிறாள். சொன்னேன். பெயரை உரக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டு டிவி ஓடிக்கொண்டிருந்தது.

போனவை: காடு. கடற்கரையில் வீட்டு வளவு. ஒரு தோணி. இரண்டு வேட்டை நாய்கள்.

போனவர்கள்: அப்பா, காட்டில். அம்மா, முகாமில்.

தம்பி. யோகராசா. காணாமல் போனபோது பத்தொன்பது வயது. இன்று பகல், பள்ளிக்கரணையில், என் வாயால்.