நடந்துபோன கொட்டகை

டாக்டர் ஐயா, என் வீட்டுக் கொல்லைப்புறத்துக் கொட்டகையை நான் நடக்க வைத்தேன். தகரக் கூரை, பலகைச் சுவர், உள்ளே லேத், மரவேலை மேசை எல்லாவற்றோடும் அது பக்கத்து வீட்டுச் சர்வேயரின் தோட்டத்துக்குள் மூன்றரை அடிக்கு மேல் நடந்து போயிருக்கிறது. அதன் கூரையில் கூடு கட்டியிருந்த குருவிக்குக்கூடத் தெரியாது.

இதை எழுதிக் கொடுக்கச் சொன்னவள் சர்வேயரின் மகள். அவள் அப்பாவுக்கு மறதி நோய் என்று நீங்கள் எழுதியதில் எனக்கு வருத்தமில்லை. என் வேலையின் நேர்த்திக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் ஏது?

முப்பத்தாறு வருடம் தொழிற்சாலைகளில் கனரக இயந்திரங்களை இடம் மாற்றியவன் நான். அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, இரும்புக் குழாய்களை உருட்டிவிட்டால் மலையும் வரும். ஓய்வு பெற்றதும் கொட்டகையைப் பட்டறையாக மாற்றினேன். பழைய சைக்கிள், மூன்று கால் நாற்காலி, காரணம் தெரியாமல் சேர்த்து வைத்த சாமான் எல்லாவற்றையும் வெளியேற்றி, ஜன்னலோரம் மேசை போட்டேன். அப்போதுதான் தெரிந்தது, என் வீட்டு நிழல் பத்து மணி வரை அந்த ஜன்னலை விடுவதில்லை. இன்னும் மூன்றரை அடி தள்ளியிருந்தால் எட்டு மணிக்கே வெயில் விழும். மரத்தின் ரேகை பார்த்து வேலை செய்கிறவன் வெளிச்சம் கேட்பது குற்றமா?

சர்வேயரைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். என்னை 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். கேட்டு வாங்கினால் அதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது?

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே வேலி கிடையாது. கொட்டகையின் மூலைதான் எல்லை. நாற்பது வருடத்துக்கு முன் தெருமுனைப் பாலத்துக் கல்லிலிருந்து அவரே அளந்து முடிவு செய்தது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அந்த மூலையிலிருந்து தன் சமையலறைச் சுவர் வரை டேப் பிடித்துப் பார்ப்பார். மற்றவர்கள் காலண்டரில் தாள் கிழிக்கிற மாதிரி அவருக்கு அது ஒரு பழக்கம். முப்பத்தோரு அடி நான்கு அங்குலம். 'அப்பாடா' என்று உள்ளே போவார்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் நூலகம் போவார். என் மனைவி தன் அக்காவோடு போனில் பேசுவாள். அந்த நேரத்தில் வீட்டையே தூக்கிக்கொண்டு போனாலும் 'மெதுவா' என்று மட்டும் சொல்வாள். நான் வாரம் முக்கால் அங்குலம் நகர்த்தினேன். அடி மேல் அடி வைத்தால் அம்மியே நகரும், இது வெறும் கொட்டகை. பின்னால் தெரிகிற மண்ணில் புல் பத்தை வைத்தேன். துணிக்கொடிக் கம்பத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் கூடவே நகர்த்தினேன். நிலத்தை நான் தொடவே இல்லை. எல்லைதான் தானாக வந்தது.

முதல் மாதம் மூன்று அங்குலம் குறைந்தபோது சர்வேயர் டேப்பை மாற்றினார். அடுத்த மாதம் கண்ணாடியை மாற்றினார். பிறகு, வீடு சரிகிறதோ என்று கொத்தனாரைக் கூட்டி வந்து அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்தார். ஒரு விரிசல் இல்லை. மூலை நகரும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை. அளக்கத் தொடங்குகிற புள்ளியைச் சந்தேகித்தால் பிறகு எதை நம்பி அளப்பது? ஆகவே மிச்சம் இருந்தது அவர் தலை ஒன்றுதான். அதைத்தான் உங்களிடம் கொண்டு வந்தார்.

பத்தாம் மாதம் டேப்பையும் ரசமட்டத்தையும் ஒரு பெட்டியில் போட்டு என்னிடம் கொடுத்தார். "இனிமே எனக்கு எதுக்கு, தம்பி. உங்க பட்டறைக்காவது ஆகட்டும்" என்றார். வாங்கிக்கொண்டேன். அந்த ரசமட்டம் இல்லாவிட்டால் கடைசி ஓரடி அவ்வளவு நேராக வந்திருக்காது. நீங்கள் கொடுத்த மாத்திரையில் அவர் பகலிலும் தூங்கினார். அவர் நூலகம் போகாத செவ்வாய்களிலும் வேலை நிற்கவில்லை. அதற்கு உங்களுக்கு நன்றி.

போன வாரம் மகள் வந்தாள். வீட்டை விற்றுவிட்டு அப்பாவை முதியோர் விடுதியில் சேர்க்கப் போவதாகச் சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை. அவரும் போய்விட்டால் இவ்வளவு நுணுக்கமான வேலையை அளந்து பார்க்க இந்தத் தெருவில் வேறு யார் இருக்கிறார்கள்? எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பா மேல உங்களுக்கு இவ்வளவு பாசமா, சித்தப்பா?" என்று கண்ணைத் துடைத்தாள். என் மனைவி சிரித்தாள். "சாப்பிட்ட தட்டையே நகர்த்தாத மனுஷன்மா இவரு. கொட்டகையை நகர்த்தினாராம்."

மகளைக் கொட்டகைக்கு அடியில் குனிந்து பார்க்கச் சொன்னேன். குழாய்களும் ஜாக்கியும் கிடந்தன. எழுந்தவள் என்னைச் சித்தப்பா என்று கூப்பிடவில்லை. மனைவியும் சிரிப்பை நிறுத்தினாள். நம்பாதவர் சர்வேயர் ஒருவர்தான்.

"மூலை நகராது. தப்பு என் தலையிலதான். என்னைக் காப்பாத்துறதுக்காகப் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்காதீங்க, தம்பி."

பைத்தியமாக இருக்கவும் தயாராக இருந்தார், அந்த மூலையைக் கைவிடத் தயாராக இல்லை. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. டேப்பைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தேன். "அண்ணே, மூலையை விடுங்க. தெருமுனைப் பாலத்துக் கல்லுல ஆரம்பிச்சு அளந்து பாருங்க. அதை நான் தொடலை."

மகள் டேப்பின் ஒரு நுனியைப் பிடித்தாள். அவர் மூன்று தடவை அளந்தார். நான் நகர்த்தியதாக நினைத்திருந்தது மூன்றடி ஆறரை அங்குலம். அவர் மூன்றடி ஏழு என்றார். உள்ளே போய் என் வாரக் கணக்கு நோட்டைத் திரும்பக் கூட்டிச் சரிபார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி.

டேப்பைச் சுருட்டினார். "அப்ப எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று மகளிடம் சொன்னார். அப்புறம் என்னை வெகுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

"நகர்ந்திருக்கு" என்றார்.